வளவும் புள்ளியும்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுவோர் பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் வியந்த அளவிலே நின்றுவிடுகின்றனர். அவ்வீட்டின் அமைப்பை வகுத்தது செல்வம் அன்று. குடும்ப முறையே என்பது எம் கருத்து.

கானாடுகாத்தானில் நகரத்தார் வீடொன்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எனக் கட்டுகள் நேராக நீள்கின்றன. யாழ்ப்பாணத்தார் வழக்கில் வளவு என்பது வீட்டைச் சூழ்ந்த நிலம்; ஈண்டோ வீட்டினுள் அடங்கிய முற்றமும் அதனைச் சூழ்ந்த அறைகளும் ஆம். சொல் ஒன்றே, பொருள் உள்ளும் புறமுமாக மாறி நிற்றல் ஆராயத்தக்கது.

அவ்வளவு பெரிய வீட்டில் அறைகள் மட்டும் சிறியன. மணமான ஒவ்வொரு மகனும் தனிப் 'புள்ளி'; கோயில் வரியும் புள்ளிக் கணக்கிலேயே. புள்ளிக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு. அறை சீர்ப்பொருள்களைப் பூட்டி வைத்தற்கு. உறங்குதற்கு வளவின் தாழ்வாரமே இடம்.

1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். 1948-இல் அந்நாட்டு நில உடைமைச் சட்டம் வந்தது. வருவாய் நின்றது, புள்ளிகளோ பெருகின. அனைவரும் இசைந்தாலன்றி விற்றல் இயலாது. ஆதலின் பல வீடுகள் பிழைத்தன. செப்பனிடவும் அதே இசைவு வேண்டும்; ஆதலின் பல இடிந்தன. அவற்றின் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோயின. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றது உண்மையே. பங்காளிகளின் கணக்கை அது தீர்க்கவில்லை.

எஞ்சிய வீடுகளுட் பல, திருமணம் போன்ற சடங்குகளுக்கே இன்று திறக்கப்படுகின்றன.