மண் களத்துக் கார்னர்

கபடியில் மண் களம் செத்துப்போயிற்று என்று சொன்னால் குலசேகரன்பட்டினம் பக்கத்து இளவட்டங்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டு, டியூப் லைட் கட்டி, விடிய விடிய இன்னும் ஆடத்தானே செய்கிறோம் என்பார்கள். உண்மைதான், களம் கிடக்கிறது. போய்ச் சேர்ந்தது, அந்தக் களத்தில் வெறுங்காலோடு கார்னரில் நின்றே ஒருவன் கபடியின் உச்சிவரை போகலாம் என்றிருந்த வழி.

இந்தக் கடலோரத்தில் ஆட்டத்துக்கும் ஊர்ப் பங்கீடு உண்டு. மணப்பாட்டிலும் காயல்பட்டினத்திலும் கால்பந்து. கொஞ்சம் உள்ளே தள்ளி, தேரிக்காட்டு ஊர்களிலும் தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலும் கபடி. 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த மணத்தி கணேசன் இந்த மாவட்டத்துக்காரர். அவர் வாழ்க்கையை ஒட்டித்தான் மாரி செல்வராஜ் 2025-இல் 'பைசன்' எடுத்தார். சினிமாவில் கபடி பாடிப் போகிறவன்தான் எப்போதும் நாயகன். பிடிக்க நிற்கிறவனை வைத்து யாராவது படம் எடுத்தால் நான் முதல் காட்சிக்கே போவேன்.

ஏனென்றால் நிஜமான நாடகம் அவனிடம் இருக்கிறது. பாடி வருகிறவனுக்கு முப்பது வினாடி. எதிரே ஏழு பேர். யாரையும் தொடாமல் திரும்புவதானாலும் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளியிருக்கும் பாக் லைனை அவன் தாண்டியாக வேண்டும். இரண்டு ஓரத்திலும் நிற்கும் கார்னர்கள் அந்தக் காலுக்காகக் காத்திருக்கிறார்கள். மண் களத்தில் கால் திரும்புவதற்கு முன் கொஞ்சம் புதையும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. கார்னரின் பிழைப்பு மொத்தமும் அதற்குள்தான். தண்ணீர் தெளித்த சாயங்கால மண் ஒரு மாதிரி பிடிக்கும், நள்ளிரவில் காய்ந்து புழுதியான மண் வேறு மாதிரி வழுக்கும். இதையெல்லாம் கட்டைவிரலால் கீறிப் பார்த்துத் தெரிந்துகொள்வான். உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது என்று விதி இருக்கிறது; வியர்வைக்கு விதி கிடையாது. அதற்கு மருந்தும் அந்த மண்தான். குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டால் கணுக்கால் நழுவாது.

பலம் குறையக் குறைய நிதானம் கூடும் வேலை இது. அதனால் முப்பத்தைந்து வயதிலும் அவனுக்கு அணியில் இடம் இருந்தது. ஊர் டீமில் பேர் எடுத்து, மாவட்டம், மாநிலம் என்று ஏறி, ரயில்வேயிலோ போலீஸிலோ மின்வாரியத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள் தென்மாவட்டங்களில் ஏராளம். மாதச் சம்பளம், மாலையில் களம், கடைசியில் பென்ஷன். அவர்கள் கண்ட தொழில்முறை ஆட்டம் அதுதான்.

அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இப்படி ஒரு ஆள் உண்டு. அங்கும் கார்னர் என்றுதான் சொல்கிறார்கள். பந்தைப் பிடிக்கப் பறக்கிறவன் எந்தப் பக்கம் வெட்டித் திரும்புவான் என்று தெரியாமலே அவனோடு பின்னோக்கி ஓட வேண்டும். தப்பினால் ஊர் முழுக்கத் திட்டும். தப்பாவிட்டால் யாரும் பேச மாட்டார்கள். அந்த ஆட்டத்தை இங்கே லீக்காக நடத்த 2011-இல் ஒரு முயற்சி கிளம்பியது. கர்ட் வார்னர், மைக் டிட்கா என்று பெரிய தலைகள் பின்னால் நின்றார்கள். முதல் சீசனை 2012-இல் கொழும்பில், நம் கடலுக்கு அக்கரையில், ஆடி முடித்தார்கள். அத்தோடு சரி. நம்மூரில் ஓரத்துக் காவல் என்றால் கபடிதான் என்று ஆயிற்று.

2014-இல் புரோ கபடி லீக் வந்தது. மேட், ஷூ, டிவி. மேட்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மண்ணில் முழங்கால் தோலைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு மழை போதும், டோர்னமென்டே நின்றுவிடும். மேட்டில் அந்தத் தொல்லை இல்லை, பயமில்லாமல் பாய்ந்து விழலாம். ஆனால் கால் புதையாது. பாடுகிறவன் நினைத்த இடத்தில் நின்று நினைத்த பக்கம் திரும்புகிறான். காத்திருந்து பிடித்தவனின் அந்த நொடி காணாமல் போயிற்று.

மண்ணிலிருந்து மேட்டுக்குத் தாண்டி வந்த கார்னர் தர்மராஜ் சேரலாதன். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர்க்காரர், ரயில்வே ஆட்டக்காரர். நாற்பதைத் தாண்டிய வயதில் பாட்னா அணிக்குக் கேப்டனாக நின்று 2016 ஜூலையில் புரோ கபடிக் கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு உலகக் கோப்பை இந்திய அணியிலும் இருந்தார். வடக்கத்திப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். அவர் கணுக்காலைப் பிடித்த விதத்தில் மேட்டுக்கு அடியிலும் மண் இருப்பதுபோலத் தெரியும். அவருக்குப் பின்னால் அதே வழியில் அந்த வயதுவரை வந்தவராக இன்னொரு பெயர் எனக்கு வாயில் வரவில்லை.

கார்னர் என்ற இடத்துக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. 2018 புரோ கபடி ஏலத்தில் ஈரானின் ஃபசல் அத்ராசலியை ஒரு கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர் நிற்பது இடது கார்னர். அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என்று மடக்கியது. 1990 முதல் தங்கத்தை வேறு யாருக்கும் விடாத அணி வெண்கலத்தோடு திரும்பியது. நம் மண்ணை மிதிக்காதவர்கள் நம்மைவிட நன்றாகப் பிடித்தார்கள். மல்யுத்தம் ஊறிய நாடு, இடுப்பும் தோளும் வேறு கணக்கு. மண்தான் பிடியைக் கற்றுத்தரும் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசிய எங்களுக்கு இதற்குப் பதில் இல்லை.

தேரி மணலில் பழகுகிற பையனுக்கு இந்தத் தத்துவமெல்லாம் வேண்டாம். தேர்வு மேட்டில் நடக்கிறது. அவன் பழகியதோ வெறுங்காலில். புது ஷூவோடு இறங்கினால் முதல் பத்து நிமிஷம் கால் எங்கே நிற்கும் என்றே பிடிபடாது, அதற்குள் தேர்வாளர் பட்டியலை எழுதிவிடுவார். ஒரு மேட் வாங்க லட்சக்கணக்கில் ஆகும். ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் பக்கம், ஒரு மேட்டுக்காக இளைஞர் மன்றம் நன்கொடை ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.