‘வார்த்தை’யும் அன்பும்: பூவிருந்தவல்லி வைணவ மரபும் தமிழ் விவிலியச் சொல்லாட்சியும்

முன்னுரை

இயேசுவைக் கடவுள் மனித குலத்திற்கு அளித்த அன்புச் செய்தியாகக் காண்பது கிறித்தவ இறையியலின் அடிப்படைக் கருத்தாகும். அவர் செய்தியைக் கொண்டுவந்தவர் மட்டுமல்லர். அவரே அச்செய்தி என்பது அதன் உட்பொருள். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் கிரேக்க மொழியில் ‘லோகோஸ்’ எனப்படும் இக்கருத்து, தமிழில் ‘வார்த்தை’ என்றும் ‘வாக்கு’ என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. ‘வார்த்தை’ என்னும் சொல் இறைச்செய்தியைக் குறிக்கும் வழக்கு தமிழ் வைணவத்திலும் உண்டு. அவ்வழக்கின் சிறந்த சான்று, இன்று சென்னையின் மேற்குப் புறநகராக விளங்கும் பூவிருந்தவல்லியில் பிறந்த ஒருவரோடு தொடர்புடையது. இரு மரபுகளிலும் இறைச்செய்தி பெறும் வடிவத்தை ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் பெற்றது என நிறுவுவது இதன் நோக்கமன்று.

ஆறு வார்த்தைகள்

பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டினை மேற்கொண்டவர். பெருமாள் அவருடன் உரையாடுவார் என்பது குருபரம்பரை நூல்கள் தரும் செய்தி. இராமாநுசர் தம் ஐயங்களை நம்பி வழியாகப் பெருமாளிடம் விண்ணப்பித்தார். பெருமாள் அளித்த விடைகளே ‘ஆறு வார்த்தைகள்’ எனப் போற்றப்படுகின்றன. தாமே பரம்பொருள் என்பதும், சரணாகதியே வீடுபேற்றுக்கு வழி என்பதும், பெரிய நம்பியை ஆசிரியராகக் கொள்ள வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். இங்கு வார்த்தை இறைவனுடையது. நம்பி அதனை எடுத்துரைக்கும் இடையாளர்.

அஃறிணையும் உயர்திணையும்

யோவான் நற்செய்தியில் இவ்வமைப்பு மாறுகிறது. கிரேக்கத்தில் ‘லோகோஸ்’ இலக்கண அளவில் ஆண்பாற் சொல் என்பதால் அதனைச் சுட்டும் பெயரும் இயல்பாகவே ஆண்பாலாகிறது. தமிழிலோ திணை பொருள் பற்றியது. ‘வார்த்தை’ அஃறிணைச் சொல். ஆதலால் மொழிபெயர்ப்பாளர் எவ்விடத்தில் உயர்திணைக்கு மாறுவது என முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் வெளியிட்ட திருப்புதல் வழிவந்த பழைய பதிப்பில் முதல் வசனம் அஃறிணை முடிபு கொள்கிறது. இரண்டாம் வசனம் ‘அவர்’ என உயர்திணைக்கு மாறுகிறது. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு ‘வாக்கு’ என்னும் சொல்லை ஆண்டபோதும் இம்மாற்றத்தைப் பேணுகிறது. முன்னது ‘மாம்சம்’ என்ற இடத்தில் பின்னது ‘மனிதர்’ என்கிறது. செய்தி ஓர் ஆளாகிறது என்னும் கோட்பாடு கிரேக்க மூலத்தினும் தமிழ் இலக்கணத்தில் வெளிப்படையாகப் புலப்படுகிறது எனலாம்.

பந்தியில் நிகழ்ந்த சோதனை

செய்தி ஆளாகுமெனின் அந்த ஆள் யாருடன் உண்டார் என்பதும் செய்தியின் பகுதியாகிறது. வரிதண்டுவோருடன் இயேசு உணவருந்தியதை நற்செய்திகள் வலியுறுத்துவது இதனாலேயே. வைணவ மரபிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. நம்பி உண்டு எஞ்சிய உணவை உண்ண இராமாநுசர் விழைந்தார். அவர் இல்லாத வேளையில் அவர்தம் மனைவி, நம்பிக்கு உணவளித்தபின் அவ்விடத்தைத் தூய்மைசெய்து நீராடியதால் அவ்விழைவு நிறைவேறவில்லை.

தமிழ்க் கிறித்தவமும் இச்சோதனையிலிருந்து தப்பவில்லை. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி வேறுபாடுகளைக் கைவிடுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதனை ஏற்க மறுத்துச் சபையைவிட்டு விலகினர். அன்பே கடவுள் என்னும் செய்தியை ஏற்றவர்கள் பொதுப் பந்தியையும் பொது இருக்கையையும் ஏற்கத் தயங்கினர்.

முடிவுரை

வைணவ மரபில் வார்த்தை அடியவர் வாயிலாக வருகிறது. கிறித்தவத்தில் வார்த்தையே மனிதராகிறது. இவ்வேறுபாடு கோட்பாட்டளவில் பெரியது. எனினும், இறைச்செய்தியின் அன்பு அதனைக் கொண்டுவந்தவரையும் கேட்டவரையும் ஒரே பந்தியில் அமர்த்துகிறதா என்னும் வினாவை இரு மரபுகளும் எதிர்கொண்டன. பூவிருந்தவல்லியில் இன்று நம்பியின் சன்னதி கொண்ட வரதராசப் பெருமாள் கோயிலும், கத்தோலிக்கக் குருத்துவக் கல்லூரியும் உள்ளன. ‘வார்த்தை’ என்னும் சொல்லின் இவ்விரு வரலாறுகளையும் இணைத்துக் கற்பது, தமிழ்ச் சமய மொழி வளர்ந்த முறையை அறிய உதவும்.