கள்ள டயரும் திரையில் வராத பால்மரக் காடும்

1942 சனவரி 5 முதல், அமெரிக்காவில் புதிய டயர் வாங்க உள்ளூர்ப் பங்கீட்டுக் குழுவின் சான்று தேவைப்பட்டது. அந்நாட்டில் அப்போரின்போது முதன்முதலில் பங்கீட்டுக்குள் வந்த நுகர்பொருள் சர்க்கரையோ இறைச்சியோ அன்று, டயர். மருத்துவருக்கும் ஆம்புலன்சுக்கும் முன்னுரிமை கிடைத்தது. பெரும்பாலான கார் உரிமையாளர்கள் தேய்ந்த டயருக்கு ஒட்டுப்போட்டு ஓட்டவேண்டியதாயிற்று. எந்தத் தட்டுப்பாட்டுக்கும் பின்னால் கள்ளச்சந்தை வரும். இங்கு அதன் பின்னாலேயே, அதே ஆண்டின் நடுவில், ஒரு திரைப்படமும் வந்துவிட்டது: 'ரப்பர் ராக்கெட்டியர்ஸ்'.

ஹெரால்ட் யங் இயக்க, கிங் சகோதரர்கள் தயாரித்து, மோனோகிராம் நிறுவனம் வெளியிட்ட படம் இது. ஒரே நுழைவுச்சீட்டில் இரு படங்கள் காட்டப்பட்ட காலத்தில், முதன்மைப் படத்துக்குத் துணையாக ஓடிய 'பி' வகையைச் சேர்ந்தது. குறைந்த முதல், சில நாள் படப்பிடிப்பு, ஒரு மணிநேரத்தைச் சற்றே தாண்டும் ஓட்டம். இவ்வகைப் படங்களின் ஏழ்மையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவற்றின் வேகத்தை எழுதியவர்கள் குறைவு. திரையுலகுக்கு வழிகாட்டிய போர்த் தகவல் அலுவலகம் உருவானதே 1942 ஜூனில்தான். அதன் கையேடு வருமுன்பே இப்படம் தன் பரப்புரையைத் தானே வகுத்துக்கொண்டது.

தலைப்பே ஒரு சிறு சொல்வரலாறு. 'ராக்கெட்டியர்' என்பது 1920களின் அமெரிக்க ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய சொல். மதுவிலக்குக் காலக் கும்பல்களின் நினைவைச் சுமப்பது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபின் பழைய சரக்கை இழந்த திரைக் கள்ளனுக்குப் போர் புதிய சரக்கைத் தந்தது. கதையிலும் அப்படியே: சிறையிலிருந்து வெளிவரும் கும்பல் தலைவன் கில்லின், டயர்ப் பங்கீட்டில் தன் வாய்ப்பைக் காண்கிறான்.

கில்லினாக நடித்தவர் ரிக்கார்டோ கோர்ட்டெஸ். 1931இல் வெளிவந்த 'மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் சாம் ஸ்பேட் என்னும் துப்பறிவாளரைத் திரையில் முதன்முதலில் ஏற்றவர் இவரே. இன்று அப்பாத்திரம் என்றால் 1941இன் ஹம்ஃப்ரி போகார்ட்தான் நினைவுக்கு வருகிறார், கோர்ட்டெசை மறந்தாயிற்று. பழைய துப்பறிவாளர் கள்ளச்சந்தைக்காரனாக நிற்க, துப்பறியும் வேலை போர்த்தளவாட ஆலைத் தொழிலாளர்களிடம் வந்து சேர்கிறது. தேர்வு தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் கூலிக்கு உழைக்கும் தனியார் துப்பறிவாளரின் ஐயமும் ஏளனமும் 1942இன் தேசபக்திக் கதைக்கு உதவியிருக்குமா என்பது ஐயமே. உண்மையைத் தேடும் உரிமை இங்கு உற்பத்தி செய்பவனுடையது.

ஆனால் கள்ளச்சந்தை விற்பவனால் மட்டும் நடப்பதன்று. வாங்குபவன் இல்லாமல் அது இல்லை. படம் இதை நன்கு அறிந்தும் சாமர்த்தியமாகக் கடந்துவிடுகிறது. கள்ள டயர் தரங்கெட்டது, உயிரைப் பறிப்பது என்று காட்டியதும், வாங்கியவன் குற்றவாளி என்ற நிலையிலிருந்து ஏமாந்தவன் என்ற நிலைக்கு மாறுகிறான். அரங்கில் அமர்ந்திருந்தோரில் எத்தனைபேர் அவ்விதம் டயர் வாங்கியவர்கள் என்ற கேள்வி எழாமலே போகிறது.

எழாத இன்னொரு கேள்வி: ரப்பர் ஏன் இல்லாமற்போயிற்று? அமெரிக்காவின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது. 1941 திசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்த மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவியோரில் மிகப் பெரும்பகுதியினர் தமிழர்கள். கங்காணி முறையில் தலைமுறை தலைமுறையாகச் சென்று குடியேறியவர்கள். கடைக்கும் கிடங்குக்கும் இடையில் டயரைத் துரத்தும் இக்கதை, அதற்கப்பால் ஒரு மரத்தையும் காண்பதில்லை.

அமெரிக்கச் சந்தையை இழந்த ரப்பர் முழுவதும் சப்பானுக்குத் தேவைப்படவில்லை. தோட்டங்கள் முடங்கின, வேலையும் அரிசியும் அற்றுப்போன லயங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆசைகாட்டியும் வலிந்தும் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அங்கு இறந்த போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியலும் கல்லறையும் உண்டு. தோட்டத் தொழிலாளர்களின் சாவுக்கு மதிப்பீடுகள் மட்டுமே உண்டு. அவையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.