பல் வைத்த பாதை

எங்கள் சாத்தான்குளம் வட்டாரத்தில் மலை கிடையாது. தேரி மணல்மேடும் பனையும்தான் எங்களுக்கு உயரம். வகுப்பில் உராய்வு விசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஊட்டி போய்வந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "எஞ்சினோட வலுவைக் கூட்டினாப் போதாதா சார்? தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு எதுக்கு?"

நல்ல கேள்வி. போதாது என்பதே விடை. சிக்கல் வலுவில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது.

எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வு மிகக் குறைவு. மழையில் நனைந்தால், சக்கரங்கள் தாங்கும் எடையில் பத்தில் ஒரு பங்காகக்கூட அது இறங்கிவிடும். 50 டன் எஞ்சின் ஒன்றின் முழு எடையும் இயங்கு சக்கரங்கள்மேல் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் 5 டன் அளவுக்குத்தான் இழுக்க முடியும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பாதை ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. எஞ்சினும் பெட்டிகளும் சேர்ந்து 100 டன் என்றால், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 8 டன்னுக்கு மேல் வேண்டும். வலு எவ்வளவு இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

மேட்டுப்பாளையம் வரை ரயில் 1873-இலேயே வந்துவிட்டது. அதற்கு மேலே மஞ்சல், மட்டக்குதிரை, டோங்கா வண்டிதான்.

சுவிட்சர்லாந்தில் இதே தொல்லைக்கு நிக்கலாஸ் ரிகன்பாக் வழி கண்டிருந்தார். தண்டவாளங்களுக்கு நடுவே இரும்பு ஏணியைப் படுக்கவைத்து, எஞ்சினின் பற்சக்கரம் அதன் படிகளைப் பற்றி ஏறும்படி செய்தார். 1871-இல் ரிகி மலைமேல் அந்த ரயில் ஓடியது. 1882-இல் அவர் நீலகிரிக்கே வந்து திட்டம் வகுத்தார். பணம்தான் திரளவில்லை.

அந்தத் தாமதம் ஒருவகையில் நன்மையாயிற்று என்பேன். ரிகன்பாக்கிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் இதற்குள் மேலான அமைப்பொன்றை உருவாக்கிவிட்டார். அதில் இரண்டு பற்சட்டங்கள் அருகருகே இருக்கும். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதில் இடைவெளி. ஒரு பல் விடுபடும்முன் அடுத்தது பிடித்துக்கொள்வதால் குலுக்கல் குறைகிறது. இந்த முறையில் 1891-இல் ஆல்ப்ஸ் மலையின் செர்மாட் கிராமத்துக்கு ரயில் போயிற்று. இன்று பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற அவ்வூருக்குள் வெளியூர்க் கார்கள் போக முடியாது. கீழே டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு, சறுக்குக் கட்டைகளோடு ரயிலேறுகிறார்கள்.

அதே 1891-இல் நீலகிரியிலும் வேலை தொடங்கியது. இடையில் கம்பெனி நொடித்துப்போய், 1899-இல்தான் குன்னூருக்கு வண்டி வந்தது, உதகைக்கு 1908-இல்.

இறக்கத்தில் ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் பற்சட்டப் பகுதியில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் உண்டு.

எஞ்சினுக்கு நான்கு உருளைகள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பற்சட்டம் வந்ததும், அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டிற்குள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். இவை நெடுங்காலம் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்தே வந்தன. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையும் இத்தகைய புது எஞ்சின்களைச் செய்து அனுப்பியிருக்கிறது.