மே/பா முகவரி

வட ஆர்க்காடு ஜில்லா என்னும் பெயர் வழக்கிலிருந்த நாட்களில், பாலாற்றங்கரை டேனரிகளுக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களிற் பலருக்குத் தமக்கென ஒரு விலாசம் இருந்ததில்லை. அவர்களுக்கு வரும் கடிதத்தில் பெயருக்குக் கீழே ‘மே/பா’ என்று குறித்து, அதன்பின் டேனரியின் பெயரையும் ஆம்பூர் என்பதையும் எழுதுவார்கள். ஆவாரம்பட்டைச் சாறேறிப் பழுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பவரிடம் கணக்கப்பிள்ளை அதை எடுத்துக் கொடுப்பார். அத்தொழிலாளி உலகில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அவரைத் தேடி வருவது எதுவாயினும் கணக்கப்பிள்ளையின் மேஜையைக் கடந்தே வந்தாக வேண்டும்.

1972 ஆகஸ்டு 15 அன்று, அஞ்சல் துறை அதிகாரியும் சம்ஸ்கிருதக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கரின் முயற்சியால் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் நடைமுறைக்கு வந்தது. வேலூர் 632001 என்றும் ஆம்பூர் 635802 என்றும் ஆயின. எண்ணை எழுதாத கடிதமும், சற்றுத் தாமதித்தேனும், உரியவரிடம் சேர்ந்தது. பழைய முறையும் புதிய முறையும் ஒரே உறையின்மீது சமாதானமாக வாழ்ந்தன.

இணையத்தின் விலாச மாற்றம் அத்துணை எளிதாக அமையவில்லை. 1981-இல் வகுக்கப்பெற்ற இணைய நெறியின் நான்காம் பதிப்பு, ஒவ்வொரு கருவிக்கும் 32 பிட் நீளமுள்ள எண்ணை விதித்தது. அவ்வகையில் கிடைப்பவை ஏறத்தாழ 429 கோடி விலாசங்களே. அவை போதா என்பதை உணர்ந்த நிபுணர்கள் 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பை 1995 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதன் விலாசத் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் பழைய நெறியைக் கைவிட்டுப் புதியதற்கு மாறியதுபோல் இம்முறை ஒரு நாளைக் குறிக்க இயலவில்லை. உலகம் அதற்குள் பெருத்துவிட்டது. மேலும், நான்கின் மொழி ஆறுக்கு விளங்காது. ஆகையால் கருவிகள் இரண்டையும் சேர்த்தே சுமக்க நேர்ந்தது.

இதற்கிடையே, 1994-இல் எழுத்தில் வந்த ஓர் உபாயம் உலகெங்கும் வேரூன்றியது: ஒரே விலாசத்தின் பின்னே பல கருவிகளை நிறுத்திவைப்பது. நம்முடைய ‘மே/பா’ அன்றி வேறென்ன அது? உள்ளிருப்பவர் வெளியே பேசலாம். வெளியிலிருந்து அவரை நேரே அழைக்க வழியில்லை. தற்காலிகமாகப் பிறந்த அவ்வுபாயமே இம்மாற்றத்தை இத்தனை ஆண்டுகள் தாமதப்படுத்திற்று என்பது என் துணிபு.

2011 பிப்ரவரி 3 அன்று நான்காம் பதிப்பு விலாசங்களின் உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சிய கடைசி ஐந்து தொகுதிகளும் பிரித்தளிக்கப்பட்டன. ஏப்ரல் 15 முதல் ஆசியப் பகுதியில் பங்கீடு தொடங்கியது. பின்னால் வந்த நிறுவனத்துக்கு அப்போது அதிகபட்சம் 1,024 விலாசங்களே கிடைத்தன. முன்னதாக வந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, கோடிக்கு மேற்பட்ட விலாசங்களைத் தமதாக்கிக்கொண்டிருந்ததை எண்ணினால் மனம் பொறுக்கவில்லை. நம் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையிலேயே மாற்றத்துக்குத் திட்டம் வெளியிட்டது. எனினும் 2016-இல் ஜியோ தன் கைப்பேசி வலையைப் புதிய விலாசத்தின்மீதே எழுப்பிய பிறகுதான் இந்தியா முன்வரிசைக்கு வந்தது. இன்று ஆம்பூரில் காலணிக்கு மேல்தோல் தைக்கும் பெண்ணின் கைப்பேசிக்கும் அவ்விலாசம் உண்டு.

ஆனால் கைப்பேசியில் வந்தது கம்பி இணைப்புகள் அனைத்திலும் வந்துவிடவில்லை. சிறு பட்டறைக்கு இணைப்பு வாங்கும் அன்பர்கள், ஆறாம் பதிப்பு விலாசமும் வேண்டுமென்று கேட்டுப் பெறுங்கள். அது உங்களுக்குரிய பங்கு.