வைக்கம் போராட்டம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கத்தில், மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் உள்ளிட்டோர் நடப்பதற்கு இருந்த தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 முதல் 1925 நவம்பர் வரை நடந்த அறப்போர். கிறித்தவரும் முஸ்லிம்களும் தடையின்றி நடந்த அத்தெருக்கள், அதே கடவுளை வணங்கியவர்களுக்கு மூடப்பட்டிருந்தன. மதத்தின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைகளுள் இது அப்பட்டமானது.

டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன் முதலியோர் தொடங்கிய போராட்டத்தில் தலைவர்கள் கைதானபின் தமிழ்நாட்டிலிருந்து சென்று தலைமையேற்ற ஈ. வெ. ராமசாமி இருமுறை சிறைப்பட்டார். அவருடைய மனைவி நாகம்மையாரும் களத்தில் நின்றார்.

எனினும் மதம் தடுத்தவர்களின் பக்கம் மட்டும் நிற்கவில்லை. 1888இல் அருவிப்புறத்தில் தம் கையாலேயே சிவலிங்கம் நிறுவிய ஈழவத் துறவி நாராயண குரு போராட்டத்தை ஆதரித்தார். பஞ்சாபிலிருந்து வந்த அகாலி சீக்கியர்கள் இலவச உணவுக்கூடம் நடத்தினர். தடைக்குச் சாத்திரம் காட்டியவர்களைவிட இவர்களே சமயத்தின் உயிரை உணர்ந்தவர்கள்.

போராட்டத்தின் முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று தெருக்கள் மட்டுமே திறக்கப்பட்டன. கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. கோயிலுக்குள் நுழையும் உரிமை 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான அரசப் பிரகடனத்தால்தான் கிடைத்தது.