ஒப்பித்தலும் அறிதலும்

“பிள்ளை நன்றாய்ப் படிக்கிறானா?” என்றால், “புத்தகம் முழுவதும் ஒப்பிக்கிறான்” என்று மகிழும் பெற்றோர் நம்மிற் பலர். ஒப்பித்தலும் அறிதலும் ஒன்றுதானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பேராக் ஆறு கடலிற் கலக்குமிடத்துள்ள பாகான் டத்தோ தென்னைக்குப் பேர்பெற்ற ஊர். அங்குள்ள ஐந்து வயதுக் குழந்தையின் முன் ஆறு ஆறு தேங்காய்களை எதிரெதிரே இரு வரிசையாய் அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்புவோமாயின், நீண்ட வரிசையிலேயே காய் மிகுதி என்று அது பெரும்பாலும் கூறும். நாம் திருத்திச் சொன்னால் அது வாயளவில் நிற்கும். தானே கூட்டியும் பரப்பியும் பார்த்துப் பழகி, ஏறக்குறைய ஏழு வயதில் உண்மையைத் தானே கண்டுகொள்ளும். இவ்வகைச் சோதனைகளால் உலகறிந்தவர் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980). அறிவைப் பிறர் ஊற்ற இயலாது, அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம்.

இது முற்றும் மேனாட்டுச் சரக்கென்று எண்ண வேண்டா. 1789-இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் செய்யப் பணித்தபோது உபாத்தியாயர் ‘இயலாது’ என்றார். உடனே ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கீழ்வகுப்புக்கு ஆசானாக்கினார். பிள்ளைக்குப் பிள்ளை கற்பித்தது; பயனும் கண்டது. 1797-இல் இலண்டனில் இது நூலாக வெளிவர, ‘சென்னை முறை’ என்று இங்கிலாந்திற் பரவிற்று. ஆயின் அங்கே நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சிக்கனமாய் உருப்போட வைக்கும் இயந்திரமாகவே பெரிதும் மாறிற்று. நம் திண்ணைப் பள்ளியும் குற்றமற்றதன்று. பிரம்பும் நெட்டுருவும் அங்கும் ஆண்டன. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கு இடமில்லை.

அந்த நெட்டுருவே கடல் கடந்து தோட்டத்திற்கும் வந்தது. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டம் பள்ளி வைக்க வேண்டுமென்றது. பல தோட்டங்களிற் கங்காணியோ கிராணியோ உபாத்தியாயரானார். கூலிக்கு ஆள் தேடியவர்களுக்கு ஒப்பிக்கும் பிள்ளையே போதும். ‘ஏன்’ என்று வினவும் பிள்ளை எதற்கு?

1939-இல் அடையாறு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், பொருள்களைப் பிள்ளையின் கையிற் கொடுத்துக் கற்பிக்கும் முறையை ஆசிரியர்க்குப் பயிற்றினார். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிற் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது.

நெட்டுரு முற்றும் வேண்டாவென்பது நம் கருத்தன்று. எழுத்தும் வாய்ப்பாடும் நினைவில் நிற்கவே வேண்டும். பொருளறியா நெட்டுருவே கேடு. தேங்காய் எண்ணிய கைக்குக் கணக்கு அயலன்று. அக்கையறிவின்மேற் கட்டிய கல்வியே நிலைக்கும். ஆதலின், தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள தோழர்களே, மாலையிற் பிள்ளை வீடு திரும்பியதும், “என்ன ஒப்பித்தாய்?” என்பதை விடுத்து, “இன்று எதைக் கண்டறிந்தாய்? அது ஏன் அப்படி?” என்று கேட்போமாக.